பேபியின் வலது பின்னங்கால்

பேபிக்கு வந்திருந்த நோயை ஊரில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள், டாக்டரம்மா ஒருவரைத் தவிர. குணசுந்தரியின் பேஜாரெல்லாம் அதில்தான் இருந்தது.

பேபி என்பது அவளுடைய எருமை. சோழவரத்துத் தாய்வீட்டிலிருந்து கன்றாக வந்தது; இப்போது இரண்டு ஈற்று கண்டு, கவரைப்பேட்டை டீக்கடைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. நோயை முறையாகச் சொல்வதென்றால் விடியற்காலையில் இருந்து தொடங்க வேண்டும். கொட்டகையில் படுத்திருக்கும் பேபி எழுந்து நிற்கும். முன்னங்கால்கள் இரண்டும் ஒழுங்கு. இடது பின்னங்காலிலும் குறையில்லை. வலது பின்னங்கால் மட்டும் பின்பக்கமாக நீண்டு விறைத்துக்கொள்ளும், கொட்டகைக் கம்பு ஒன்றைப் பிடுங்கி அதன் உடம்பில் செருகிவிட்ட மாதிரி. எத்தனை முயன்றாலும் மடங்காது. குளம்பின் முனை மண்ணில் கோடு கிழிக்க, மற்ற மூன்று காலால் தடுமாறி இரண்டு அடி வைக்கும். பிறகு உள்ளே எதுவோ ‘டக்’ என்று இடம் மாறும். கால் வெடுக்கென்று வயிறு வரை எழும்பி உதறிவிட்டுத் தரைக்கு வரும். அதற்குப் பிறகு தெருமுனை வரை நடந்துவிட்டால் போதும், அன்று முழுக்க இதற்குக் காலில் நோய் என்று சொன்னால் சொன்னவரைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

கால்நடை மருந்தகம் இரண்டு ஊர் தள்ளி இருந்தது. குணசுந்தரி பேபியை அங்கே இரண்டு முறை ஓட்டிக்கொண்டு போனாள். இரண்டு முறையும் அது பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் காபித் தட்டோடு வரும் பெண்ணைப் போல அத்தனை அடக்கமாக, அத்தனை அழகாக நடந்து காட்டியது. டாக்டர் சுமலதா பொறுமைசாலி. நடக்கவிட்டுப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பின்னால் தள்ளிப் பார்த்தார், முட்டியை விரலால் அழுத்திப் பார்த்தார். நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன் என்றும் சொன்னார். முட்டிச் சில்லு தன் பள்ளத்தைவிட்டு மேலே நழுவி அங்கேயே மாட்டிக்கொள்ளும் நோய் எருமைகளுக்கு உண்டு. அதைப் பிடித்து வைத்திருக்கும் நாரை அறுத்துவிட்டால் சரியாகிவிடும், சின்ன வேலைதான். ஆனால் இடுப்பில் கோளாறு இருந்தாலும் நரம்பில் கோளாறு இருந்தாலும் மாடு இதேபோல் காலை இழுக்கும்.

“அறுத்ததை மறுபடியும் ஒட்ட முடியாதும்மா. கால் மாட்டிக்கிறதை ஒரே ஒரு தடவை என் கண்ணால பார்த்துட்டேன்னா, அன்னைக்கே முடிச்சுக் கொடுத்துடறேன்” என்றார்.

இதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை என்பது குணசுந்தரிக்கும் தெரிந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கால் மாட்டிக்கொண்டிருக்கும்போது பேபியால் மருந்தகத்துக்கு நடக்க முடியாது. மருந்தகத்துக்கு நடந்து போனால் கால் மாட்டிக்கொள்ளாது. டாக்டரம்மாவே மனம் இரங்கி ஒரு நாள் காலையில் ஸ்கூட்டியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தார். அன்றைக்கென்று பார்த்து, நைட் ஷிப்ட் முடிந்து வந்த துளசிராமன், பெண்டாட்டிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று எருமையைக் குட்டைக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தான். கேமரா வைத்த செல்போன் ஒன்று துளசிராமனின் பெரியம்மா மகன் வசந்தகுமாரிடம் இருந்தது. அவன் விடியற்காலையிலேயே வந்து ஒரு படம் பிடித்தான். அதில் ஒரு வாலும் பாதிச் சுவரும் தெரிந்தன.

நிலைமை இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பஸ் விவகாரம் நடந்தது. துளசிராமன் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை செய்தான். கம்பெனி பஸ் ஊர் முனைக்கு வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். ஒரு நாள் காலையில் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுச் சாலையோரம் படுத்துவிட்ட பேபி, பஸ் வரும் சத்தம் கேட்டு எழுந்து, சாலையின் நட்டநடுவில் காலை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இது யார் மாடு என்று ஓட்டுநர் கேட்டபோது, வரிசையில் நின்றிருந்த துளசிராமன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பக்கத்தில் நின்றவன் திருப்பவில்லை. அன்றிலிருந்து ஷிப்டில் அவனுக்கு எருமை துளசி என்று பேராகிவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில் எவனாவது காலைப் பின்னால் நீட்டி நொண்டிக் காட்டினான், மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரு வாரம் பொறுத்தான். பிறகு மாட்டுத் தரகர் பாக்கியநாதனிடம் பேசி முடித்துவிட்டு வந்து, புதன்கிழமை சாயங்காலம் அவர் வண்டியோடு வந்து எருமையை ஏற்றிக்கொண்டு போவார் என்று பெண்டாட்டியிடம் சொன்னான். கால் விளங்காத எருமையைத் தரகர் எங்கே கொண்டுபோவார் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

குணசுந்தரி கத்தவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

“உன் தோளு வருசத்துல மூணு வாட்டி கயண்டுக்குது. நான் என்னிக்கினா எந்த புரோக்கரையாவது கூட்டாந்து உன்னக் காட்டினனா?”

“என்ன எவன்மே வாங்குவான்?”

“அதான் வெச்சிக்கினுகீறேன்.”

துளசிராமனின் வலது தோள் கபடி ஆடிய காலத்தில் கழன்றது. அன்று யாரோ இழுத்து மாட்டிவிட்டார்கள். அதிலிருந்து பரண்மேல் கையை நீட்டினாலும் கழலும், தூக்கத்தில் ஏடாகூடமாகப் புரண்டாலும் கழலும். அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் போனதில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலையை மாற்றிவிடுவார்கள் என்ற பயம். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கையை அப்படி இப்படி ஆட்டினால் அது தானாகவே உள்ளே போய்விடும். இந்த வித்தையில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு.

பேச்சு அதோடு முடியவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அதே புதன்கிழமை காலையில் பக்கத்து ஊர்ப் பால் சங்கத்து வளாகத்தில் கால்நடை முகாம் நடக்கவிருந்தது. டாக்டர் சுமலதாவும் வருவார். அன்று அவர் பேபியின் காலைப் பார்த்து வைத்தியம் செய்துவிட்டால் எருமை நிற்கும். இல்லையென்றால் சாயங்காலம் அது வண்டி ஏறும், அவளும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முன்னாடியே குணசுந்தரி மருந்தகத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் யோசனை கேட்டாள். நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றார் அவர்.

வசந்தகுமார் குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லாரி ஒன்று வைத்திருந்தான். கவரைப்பேட்டைக் கம்பெனிகளுக்கு இரும்புச் சாமான் ஏற்றி இறக்குவது அவன் தொழில். புதன்கிழமை விடியும்போதே வண்டியைக் கொட்டகை வாசலில் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்திப் பலகை போட்டான். பேபி எழுந்தது. கால் விறைத்துக்கொண்டு நீண்டது. என்றைக்கும் இல்லாத அளவுக்குக் கச்சிதமாக நீண்டது. குணசுந்தரிக்குக் கண் நிறைந்துவிட்டது. பரீட்சையில் பிள்ளை முதலாவதாக வந்திருந்தால்கூட அவள் அத்தனை சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

ஆனால் மூன்று காலால் பலகை ஏற எருமைக்குத் தெரியவில்லை. துளசிராமன் வண்டிமேல் நின்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தான். வசந்தகுமார் பின்னாலிருந்து தோள்கொடுத்துத் தள்ளினான். குணசுந்தரி கீழே நின்று பேபியோடு பேசிக்கொண்டிருந்தாள். எருமை பாதிப் பலகை ஏறியபோது உள்ளே ‘டக்’ என்றது. கால் விடுபட்டு எகிறியது. மிரண்டுபோன பேபி பின்வாங்க, கயிறு விண்ணென்று இழுபட, மேலேயும் ஒரு ‘டக்’ கேட்டது. துளசிராமன் வண்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தோளின் உருண்டை காணாமல் போய், அந்த இடம் மடிப்பு விழுந்த சட்டைபோலத் தட்டையாகக் கிடந்தது.

பேபி இப்போது தானாகவே பலகை ஏறி அவன் பக்கத்தில் வந்து நின்றது.

நேராகப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றான் வசந்தகுமார். குணசுந்தரியும் முந்தானையைச் செருகிக்கொண்டு சரி என்றாள். சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இறங்கியது. துளசிராமன்தான் மறுத்தான். இதெல்லாம் போகிற வழியிலேயே உள்ளே போய்விடும், ஆஸ்பத்திரி பேச்சை எடுக்கக் கூடாது, முகாமுக்கு விடு வண்டியை என்றான். தோளுக்குப் பயந்து பந்தயத்தில் தோற்றான் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்பதும் அதில் இருந்தது.

வழியில் உள்ளே போகவில்லை. குழிக்குக் குழி அவன் ஐயோ என்றான், பேபி அவன் தலைக்குமேல் நிதானமாக அசைபோட்டது.

பால் சங்கத்து வாசலில் இவர்களை இறக்கிவிட்டு, கும்மிடிப்பூண்டிக்கு ஒரு லோடு காத்திருக்கிறது, இறக்கிவிட்டு உடனே திரும்பி வந்து அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லி வசந்தகுமார் பறந்தான். டாக்டர் சுமலதா எருமையைப் பார்ப்பதற்கு முன்னால் மனிதனைப் பார்த்தார். மணிக்கட்டில் நாடி பிடித்தார், விரல்களை மடக்கச் சொன்னார், மரத்துப்போயிருக்கிறதா என்று கேட்டார். பிறகு துணியால் கையைத் தொட்டில்போலக் கட்டிவிட்டார்.

“அண்ணா, நான் மாட்டு டாக்டர். உங்க தோளை நான் இழுத்தா தப்பு. வேற யாரையும் இழுக்கவும் விடாதீங்க, நரம்பு போயிடும். வண்டி வந்ததும் நேரா ஆஸ்பத்திரி.”

துளசிராமன் தலையாட்டினான். உட்கார்ந்தாலும் வலித்தது, நின்றாலும் வலித்தது. பால் கேன் வைக்கும் நீளப் பலகைமேல் குப்புறப் படுத்து, துணிக் கட்டை அவிழ்த்துக் கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் மட்டும் கொஞ்சம் தேவலை என்று கண்டுபிடித்து, அப்படியே கிடந்தான். ஊசி போட மாடு கொண்டுவந்தவர்கள், வரிசையில் இதுவும் ஒன்றா என்று கேட்டுக்கொண்டு அவனைக் கடந்து போனார்கள்.

பேபி நடந்து காட்டியது. பலகை ஏறியதிலும் வண்டி ஆட்டத்திலும் கால் நன்றாக இளகிவிட்டிருந்தது. குற்றம் குறை இல்லாத நடை.

குணசுந்தரி டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாதான் யோசித்து, இது ஒருமுறை படுத்து எழுந்தால் ஒருவேளை மாட்டிக்கொள்ளலாம், முகாம் முடிகிறவரை பாருங்கள் என்றார்.

அப்படிச் சொன்னதும் குணசுந்தரிக்குப் பிடிமானம் கிடைத்தது. பேபியை வேப்பமர நிழலில் கட்டி வைக்கோல் போட்டாள். தின்றது. தண்ணீர் காட்டினாள். குடித்தது. படு என்றாள். அது நின்றபடியே, ஊசிக்கு வந்திருந்த மற்ற மாடுகளை ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தது. வரிசை குறைந்துகொண்டே வந்தது. வெயில் ஏறியது. கடைசியில் அவள் ஒரு காரியம் செய்தாள். சங்கத்துக் குழாயிலிருந்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கொண்டுவந்து மரத்தடியில் கொட்டிக் காலால் மிதித்தாள். சங்கத்துக் காரியதரிசி வெளியே வந்து, இது பால் சங்கமா நாற்றங்காலா என்று சத்தம் போட்டார். அவள் இன்னும் இரண்டு பக்கெட் கொட்டினாள். சேறு பதமானதும் பேபி முன்னங்காலை மடித்தது. பிறகு பின்னங்காலையும் மடித்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு, சொத்துபத்தெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு ஓய்ந்த பெரிய மனுஷியைப் போலச் சாய்ந்து கொண்டது.

படுக்க வைத்தாயிற்று. இப்போது எழ வேண்டும். நல்ல வெயில் நேரத்தில் நல்ல சேற்றில் கிடக்கும் எருமை எதற்காக எழ வேண்டும்? குணசுந்தரி கொஞ்சினாள். வாலை முறுக்கினாள். காரியதரிசியே மனம் மாறி வந்து முதுகில் தட்டினார். பேபி கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. மருந்துப் பெட்டியை உதவியாளர் கட்டத் தொடங்கினார். அடுத்த ஊர் முகாமுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று போன் வந்தது. டாக்டர் சுமலதா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து குணசுந்தரியின் பக்கத்தில் நின்றார்.

“போய்ட்டு வாங்க டாக்டரம்மா. நீங்க இன்னா பண்ணுவீங்க” என்றாள் குணசுந்தரி. சேற்றுக் கையோடு பேபியின் கொம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பலகைமேல் குப்புறக் கிடந்த துளசிராமனுக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்தது. பந்தயத்தில் அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டியின் குரலைக் கேட்டதும் அந்த ஜெயிப்பு அவனுக்கு ருசிக்கவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்கலாம் என்று நினைத்து உடம்பை லேசாக அசைத்தான். காலையிலிருந்து சும்மா தொங்கித் தொங்கிக் கை இளகிப்போயிருந்தது. அசைந்த அசைவில், உள்ளே கனமான உருண்டை ஒன்று விளிம்பைத் தாண்டி உருண்டு, ‘மடக்’கென்று தன் பள்ளத்தில் விழுந்தது. வலியா நிம்மதியா என்று பிரிக்க முடியாத ஓர் அலறல் அவனிடமிருந்து வந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. காலி பால் கேன் ஒன்று உருண்டு, இன்னொரு கேன்மேல் மோதியது.

பேபி பதறி எழுந்தது. முன்னங்கால்கள் ஊன்றின. இடது பின்னங்கால் ஊன்றியது. வலது பின்னங்கால் பின்னால் நீண்டு, சேற்றில் கோடு கிழித்து, விறைத்து நின்றது.



துளசிராமன் பலகைமேல் எழுந்து உட்கார்ந்து, கையை மெல்ல மடக்கிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. பார்க்கத்தான் ஒருவரும் இல்லை. எல்லோரும் எருமையின் பின்பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

“ஏய் குணா, எனக்கு உள்ள போயிடுச்சிமே.”

“சித்த இருய்யா. இதுக்கு வெளிய வந்துகீது” என்றாள் அவள், திரும்பாமலே.

டாக்டர் சுமலதா புடவையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். விறைத்த முட்டியில் விரல் வைத்துச் சில்லு எங்கே ஏறி மாட்டியிருக்கிறது என்று தடவினார். பிறகு எருமையை இரண்டடி பின்னால் தள்ளச் சொன்னார். தள்ளியதும் ‘டக்’ என்று விடுபட்டது. இடுப்பு இல்லை, நரம்பும் இல்லை, முட்டிச் சில்லுதான் என்றார். கட்டிய மருந்துப் பெட்டியை மறுபடி திறக்கச் சொன்னார். அடுத்த ஊருக்குப் போன் செய்து, வருவதற்குத் தாமதமாகும் என்றார்.

“சேறு பண்ணினது நீங்கதானேம்மா. கழுவறதும் நீங்கதான். சோப்பு போட்டு நல்லா” என்றார் குணசுந்தரியிடம்.

அவள் கழுவிய கழுவலில் பேபியின் அந்த ஒரு கால் மட்டும் வேறு எருமையின் கால்போல மின்னியது. கயிறு போட்டு மெல்லச் சாய்த்தார்கள். முடியை மழித்து, ஊசி போட்டு மரக்கவைத்து, டாக்டர் சுமலதா சின்னதாகக் கீறி, விரலால் நாரைத் தேடிப் பிடித்து அறுத்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி மடிக்கிற நேரத்துக்குமேல் ஆகவில்லை. தையல் போட்டார். கயிற்றை அவிழ்த்ததும் பேபி எழுந்தது. எல்லோரும் அந்தக் காலையே பார்த்தார்கள். அது மடங்கியது, நீண்டது, மறுபடி மடங்கியது. புண் ஆறுகிற வரை குட்டையிலும் சேற்றிலும் இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, டாக்டர் சுமலதா அதே குழாயில் தன் காலைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

வசந்தகுமாரின் வண்டி அப்போதுதான் திரும்பி வந்தது. தோள்தான் உள்ளே போய்விட்டதே, இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று துளசிராமன் ஆரம்பித்தான். குணசுந்தரி அந்தப் பேச்சுக்குள் போகவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, பாக்கியநாதன் நம்பரைத் தேடி அழுத்தி, மறுபடி துணியால் கட்டிய கை அவனுக்கு ஒரு சாக்காகிவிடக் கூடாது என்று தானே அவன் காதில் வைத்துப் பிடித்தாள்.

“அண்ணே, துளசி பேசறேன். சாயங்காலம் வண்டி எடுத்தாராத.” அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டது. வேறு எவனிடமாவது பேசிவிட்டாயா என்று தரகர் கேட்டார். “இல்லண்ணே, எவனும் கேக்கல. கால் சரியாயிடுச்சி.” சொன்ன சொல் இன்னாச்சு என்று அவர் கேட்டார். துளசிராமன் பெண்டாட்டியைப் பார்த்தான். காதோரம் போன் கொஞ்சமும் அசையவில்லை. அவள் விரல்களில் சேறு காய்ந்திருந்தது.

“மாடு எங்க ஊட்டம்மாவுதுண்ணே. அவகிட்ட கேக்காம நான் சொல்லிட்டேன்.”

அவள் போனை எடுத்து அவன் பையில் போட்டாள். அவனை முன் சீட்டில் ஏற்றி, பொன்னேரியில் டாக்டரிடம் காட்டாமல் வீட்டுக்கு அழைத்து வந்தால் அவனுக்கும் சோறு கிடையாது, உனக்கும் கிடையாது என்று வசந்தகுமாரிடம் சொன்னாள். கம்பெனிக்குத் தெரிந்தால் என்று துளசிராமன் இழுத்தான். தெரியட்டும் என்றாள்.

வண்டி போன பிறகு பேபியை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பாதையில் நடந்தாள். முதலில் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டை கண்ணில் பட்டதும் பேபி தலையை அந்தப் பக்கம் திருப்பி நடையை எட்டிப் போட்டது. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து குணசுந்தரி திட்டிக்கொண்டே கயிற்றைப் பிடிக்க ஓடினாள். பிடிக்க முடியவில்லை. எருமை அவளைவிட வேகமாக ஓடியது. மூச்சு வாங்க, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவளும் விடாமல் ஓடினாள்; வாயில் வசவு நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை.